தவறி விழுந்த சுரைக்குடுக்கை

பீரங்கி சுட்டால் முதலில் புகை தெரியும். அடுத்து தண்ணீர் பாய்மர உயரத்துக்கு எழுந்து நிற்கும். சத்தம் கடைசியில்தான் வரும். வந்தால் காதில் வராது, வயிற்றில் வரும்.

இதெல்லாம் எனக்குப் பத்து வயதில் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் பெயர் ஆ-லீன். எங்கள் வீடு ஒரு படகு. கவுலூன் கோட்டைக்கு எதிரே உள்ள கடலில் எங்களைப் போல நூறு படகுகள் இருக்கும். பிறப்பது, சமைப்பது, சண்டை போடுவது எல்லாம் படகில்தான். கரையில் வீடு கட்ட எங்களுக்கு அனுமதி கிடையாது. கரைக்காரர்கள் எங்களை 'நீர்நாய்' என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே சொன்னால் அம்மா அடிப்பாள்.

எங்கள் படகில் துடுப்பு வலிப்பது அம்மா. பேசுவதும் அம்மாதான். அப்பா வலை வீசுவார், பேச மாட்டார். பக்கத்தில் இடி விழுந்தாலும் "ம்" என்பார். அவ்வளவுதான்.

தம்பிக்கு மூன்று வயது. அவன் பெயர் நண்டு. நல்ல பெயர் ஒன்றும் அவனுக்கு உண்டு, ஆனால் யாரும் அதைச் சொல்ல மாட்டோம். சொன்னால் நீர்ப்பேய் கேட்டுவிடும். நண்டு என்று கூப்பிட்டால், 'சீ, நண்டுதானா' என்று போய்விடும். நண்டுவின் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை பாய்மரத்தில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்று. தவறிக் கடலில் விழுந்தால் குடுக்கை அவனை மிதக்க வைக்கும், கயிற்றைப் பிடித்து நாங்கள் இழுத்துக்கொள்வோம். மாதத்துக்கு இரண்டு முறையாவது இழுப்போம்.

அன்று காலை செம்முடிக்காரர்களின் சின்னக் கப்பல்கள் மூன்று எங்கள் பக்கம் வந்து நங்கூரம் போட்டன. செம்முடிக்காரர்கள் என்றால் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய பெரிய கப்பல்கள் தள்ளி, ஹாங்காங் தீவுப் பக்கம் நின்றன. கோட்டைக்குக் கீழே எங்கள் சீன அரசாங்கத்தின் போர்க்கப்பல்கள் மூன்று நின்றன. மூன்றுக்கு மூன்று.

அம்மா கூடையில் கீரையை அடுக்கினாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நான்கு ஜாடி நல்ல தண்ணீர், ஆறு வாத்து. எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏம்மா, அவங்களுக்கு எதுவும் விக்கக் கூடாதுன்னு தமுக்கடிச்சாங்களே?"

"அடிச்சாங்க."

"எதுக்கு விக்கக் கூடாதாம்?"

"அவங்க கப்பல் கப்பலா அபின் கொண்டாந்து வித்தாங்க. நம்ம பெரிய அதிகாரி அத்தனையும் புடுங்கி, சுண்ணாம்பு போட்டுக் கரைச்சு கடல்ல வுட்டுட்டாரு. இனிமே கொண்டார மாட்டோம்னு எழுதிக் குடுங்கடான்னாரு. மாட்டேங்கறாங்க. அதான், சோறு தண்ணி குடுக்காதேன்னு உத்தரவு."

"அப்ப நாம ஏன் போறோம்?"

அம்மா வாத்தின் காலைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "பெரிய கப்பல்ல பொம்பளைங்க இருக்காங்கடி. கைக்குழந்தை இருக்கு. நானே பாத்தேன். அபின் வித்தவன் வேற, பால் குடிக்கற புள்ள வேற. அதுக்குக் காய்ச்சிக் குடுக்கத் தண்ணி வேணாமா? இந்தச் சின்னக் கப்பல்காரங்கதான் அங்க கொண்டு போவாங்க."

அப்பா "ம்" என்றார். அது சரியா, வேண்டாமா என்று தெரியவில்லை. படகு மட்டும் கிளம்பிவிட்டது.

செம்முடிக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். எங்கள் மொழி அவர்களுக்கு வராது, அவர்கள் மொழி எங்களுக்கு வராது. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்த ஒரு ஆள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து இறக்கை போல ஆட்டி, "குவாக், குவாக்" என்றான். நண்டுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆறு வாத்தும் கைமாறியது. கீரை போனது. தண்ணீர் ஜாடிகள் மேலே ஏறின.

அப்போதுதான் போர்க்கப்பலிலிருந்து ஒரு சிப்பாய்ப் படகு வேகமாக வந்தது.

அதன் முனையில் ஒருவன் நின்றான். பத்தொன்பது வயது இருக்கலாம். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. குரல் மட்டும் எட்டு ஆள் குரல்.

"ஏ நீர்நாய்ங்களா! அத்தனையும் திருப்பி வாங்குங்க! இப்பவே!"

"ஐயா, தண்ணி மட்டுமாவது இருக்கட்டும். கொழந்தைங்க இருக்கு" என்றாள் அம்மா.

"எதுத்தா பேசற?"

எல்லாவற்றையும் திரும்ப எங்கள் படகில் இறக்க வைத்தார்கள். பிறகு அந்தச் சிப்பாய் எங்கள் படகில் குதித்து, நான்கு ஜாடித் தண்ணீரையும் கடலில் கவிழ்த்தான். நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அவன் விடவில்லை. கிழங்குகளை உதைத்துத் தள்ளினான். கத்தியால் வாத்துகளின் கட்டை அறுத்து, ஒவ்வொன்றாகக் கடலில் விட்டெறிந்தான்.

வாத்துக்கு என்ன? அது சந்தோஷமாக நீந்திப் போனது.

"எங்க வாத்து!" என்று நண்டு அலறினான்.

சிப்பாய் அப்பாவின் தொப்பியைத் தட்டிவிட்டான். "ஒங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கும். சாயந்தரம் எங்க அதிகாரி வருவாரு. காட்டிக் குடுத்தேன்னா படகு சாம்பல். வீடு வாசல் எதுவும் இருக்காது. புரிஞ்சுதா?"

அப்பா குனிந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வருமே, அந்த நீர்.

அவன் போன பிறகு நாங்கள் உடனே ஓடிப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆறு வாத்துகளை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? சூரியன் உச்சியைத் தாண்டும்வரை நாங்கள் வாத்து பிடித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் செம்முடிக்காரர்களின் தூதுப் படகு ஒன்று போர்க்கப்பலுக்கும் தங்கள் கப்பலுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. "சோறு குடு, குடுக்க மாட்டேன். இதான் பேச்சு" என்றாள் அம்மா. "பேசிப் பேசிக் களைச்சுப் போய் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். ஐந்தாவது வாத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் குனிந்து அதன் கழுத்தைப் பிடித்தேன்.

செம்முடிக்காரர்களின் கப்பலில் புகை தெரிந்தது.

யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையாக. அந்த ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன்.

போர்க்கப்பலுக்கு முன்னால் கடல் எழுந்து நின்றது. அதன் பிறகு அந்தச் சத்தம்.

எனக்கு எதுவுமே அசையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாத்தை மார்போடு கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றேன். எங்கள் போர்க்கப்பல்கள் திருப்பிச் சுட்டன. கோட்டையும் சுட்டது. குண்டுகள் எங்கள் தலைக்கு மேலே துணி கிழிவது போலக் கிழித்துக்கொண்டு போயின. நேற்றுவரை நான் மீன் பிடித்த கடல் அது. நண்டுவைக் குளிப்பாட்டிய கடல்.

"குனி" என்றார் அப்பா, சாதாரணக் குரலில். "சோறு ஆயிடுச்சு" என்று சொல்வது போல.

குனிந்தேன்.

"தின்-ஹாவ் தாயே! தின்-ஹாவ் தாயே!" என்று கடல் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே அம்மா துடுப்பு வலித்தாள். அம்மா அப்படி வலித்து நான் பார்த்ததே இல்லை. கோட்டைக்குக் கிழக்கே ஒரு கரும்பாறை உண்டு, ஒரு கோயில் அளவுக்கு. அதன் பின்னால் போய் ஒண்டினோம்.

அங்கே குண்டு வராது. ஆனால் எல்லாம் தெரிந்தது. போர்க்கப்பலின் பாயில் ஓட்டைகள் விழுந்தன. மரத்துண்டுகள் பறந்தன. அங்கே இருந்தவர்கள் ஓடினார்கள். பெரிய மனிதர்கள். தாடி வைத்தவர்கள். என்னால் நம்பவே முடியவில்லை.

"வாத்துக்கும் கிழங்குக்குமா இப்படிச் சுடறாங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மா பதில் சொல்லவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறை.

நடுவில் இருந்த போர்க்கப்பலில் ஏதோ உடைந்தது. ஒரு மரத்தோடு சேர்ந்து ஒரு ஆள் கடலில் விழுந்தான். மரம் ஒரு பக்கம் போனது. அவன் ஒரு பக்கம் போனான். கையைத் தண்ணீரில் சப்பு சப்பென்று அடித்தான்.

"அப்பா, ஆள் விழுந்துட்டான்!"

"பாக்காத. திரும்பு" என்றார் அப்பா.

எங்கள் கடலில் இது எல்லோருக்கும் தெரியும். மூழ்கி இறந்தவர்கள் நீர்ப்பேயாகிவிடுவார்கள். தங்கள் இடத்துக்கு இன்னொரு ஆள் வந்தால்தான் அவர்களுக்கு விடுதலை. அதற்காகக் காத்திருப்பார்கள். அப்படி வரும் ஆளை யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட்டால், தூக்கியவனையே பிடித்துக்கொள்வார்கள். போன வருடம் சித்தப்பா ஒரு உப்பு வியாபாரியைத் தூக்கிவிட்டார். நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு புயலில் சித்தப்பாவின் படகு மட்டும் திரும்பி வந்தது. அதற்கு முன்பெல்லாம் அப்பா கொஞ்சம் பேசுவார்.

அதனால் நான் திரும்பிக்கொண்டேன். திரும்பினாலும் அந்த சப்பு சப்பு காதில் விழுந்தது. பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே அது எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுபடி பார்த்தேன். நீர் வற்றும் நேரம் அது. கடல் அவனை எங்கள் பாறைப் பக்கம் இழுத்து வந்துகொண்டிருந்தது. முகம் தெரிந்தது.

"அம்மா... அது காலையில வந்தவன்!"

அம்மா எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி! நீச்சலே தெரியாதா அவனுக்கு? கப்பல்ல வேல பாக்கறான்!"

"மலைப் பக்கத்து ஆளு. வயல்ல இருந்து புடிச்சிட்டு வந்திருப்பாங்க" என்றார் அப்பா. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே ஆச்சரியம். கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அவன் கரை சேந்தா நம்ம படகு இருக்காது."

அது எனக்கும் தெரியும். படகு போனால் எங்கே போவோம்? கரையிலும் இடமில்லை. அவன் மூழ்கிவிட்டால் எங்கள் முகத்தை ஞாபகம் வைத்திருக்க யாரும் இல்லை. நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. அவன் தலை உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்திருந்தான். குளிக்கும்போது காதில் தண்ணீர் போனால் நண்டு அப்படித்தான் பார்ப்பான்.

கை கொடுக்கக் கூடாது. சரி. கைதானே கொடுக்கக் கூடாது?

நண்டுவின் முதுகிலிருந்து சுரைக்குடுக்கையை அவிழ்த்தேன்.

"அக்கா, என்னுது!"

"உன்னுதுதான். அம்மா, இவனை இறுக்கிப் புடிச்சுக்கோ."

அம்மா நண்டுவை மடியில் அமுக்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வலைக் கயிற்றை எடுத்துக் குடுக்கையில் முடிச்சுப் போட்டேன். மூன்றாவது தடவைதான் முடிச்சு விழுந்தது.

"என்னடி பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. ஐயோ, குடுக்கை தவறிக் கடல்ல விழுந்துடுச்சு!" என்று சொல்லிவிட்டு, முடிந்த மட்டும் தூரமாக வீசினேன்.

அவனுக்கு நேராக வீசவில்லை. நேராக வீசினால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அவனுக்கு மேலே, ஓட்டம் வரும் பக்கம் பார்த்து வீசினேன். முதல் தடவை அவனுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. இழுத்து மறுபடி தவற விட்டேன். இந்த முறை அது மெல்ல மிதந்து போய் அவன் தாடையில் இடித்தது.

அவன் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டான்.

"அப்பா, குடுக்கை விலை கூடுதல். அதை விட முடியாது. நான் குடுக்கையத்தான் இழுக்கறேன். அதுல யாராவது தொத்திக்கிட்டு வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

அப்பா பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. திடீரென்று கயிறு லேசாகிவிட்டது. திரும்பினால், ஒரு கையில் நண்டுவை இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் அம்மா இழுத்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கை நம்மளுதாச்சே" என்றாள் அம்மா. "வுட முடியுமா?"

அவன் படகின் விளிம்புக்கு வந்துவிட்டான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மேலே ஏறத் தெரியவில்லை. பாதி உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. உதடு நீலமாக இருந்தது. ஒரு காலிலிருந்து ரத்தம் வந்து தண்ணீரில் கலந்தது. எங்களைப் பார்த்தான். யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? பீரங்கியைப் பார்த்தபோதுகூட அவன் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டான்.

நண்டு அம்மாவின் கைக்கு அடியில் நுழைந்து போய் அவன் முதுகில் தொங்கிய தலைப்பின்னலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான்.

"என் குடுக்கை! குடு!"

"ஆ!" என்று கத்தினான் அவன்.

அம்மா துடுப்பைச் சாய்த்தாள். "அடடா, துடுப்பு சரிஞ்சுடுச்சே." அவன் துடுப்பைப் பிடித்தான். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தான். மறுபடி வழுக்கியது. முகம் தண்ணீருக்குள் போனது. குடுக்கை தனியாக மேலே வந்தது. அவன் வரவில்லை.

என் தந்திரமெல்லாம் தீர்ந்துவிட்டது. கையில் கயிறு, மறுமுனையில் வெறும் குடுக்கை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா!"

அப்பா எழுந்தார். மண்டியிட்டு, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். துழாவினார். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, பெரிய மீனைப் போடுவது போலப் படகில் போட்டார்.

"ஐயையோ, கையக் குடுத்துட்டீங்களே!" என்றாள் அம்மா.

"நீர்ப்பேய் என் தம்பியக் கேட்ட மாதிரி என்னையும் வந்து கேக்கட்டும்" என்றார் அப்பா. "நான் பதில் சொல்லிக்கறேன்."

(நான் இதைச் சொல்லும் இந்த நாள்வரை யாரும் வந்து கேட்கவில்லை.)

அவன் தண்ணீரைக் கக்கினான். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு மடக்குக்கூட எங்களிடம் இல்லை, எல்லாவற்றையும் அவன்தான் கவிழ்த்துவிட்டானே. காலையில் மிச்சம் இருந்த கஞ்சியை அம்மா கொடுத்தாள். அம்மா அவன் காலில் துணி சுற்றினாள். வாய் மட்டும் ஓயவில்லை. "கால நீட்டு. கத்தாதே. வாத்த வுட்டெறியத் தெரிஞ்சுதில்ல? நீட்டு."

"உங்க பேரென்ன?" என்று நான் கேட்டேன்.

"மோக்" என்றான். எட்டு ஆள் குரல் எங்கேயோ போய்விட்டது. வெடி வெடிக்கும்போதெல்லாம் தோளைக் குறுக்கினான். நானும் குறுக்கினேன். நண்டு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தானும் குறுக்கிக்கொண்டான், ஏதோ விளையாட்டு என்று நினைத்து.

சாயங்காலம் சுடுவது நின்றது. செம்முடிக்காரர்கள் தங்கள் பெரிய கப்பல்கள் பக்கம் போய்விட்டார்கள். நாங்களும் பாறையை விட்டு வெளியே வந்தோம். கடல் முழுக்க மரத்துண்டுகள், கயிறுகள், ஒரு ஒற்றைச் செருப்பு.

எங்களுக்கு நேர் எதிரே ஒரு படகு வந்தது. கொடி கட்டிய படகு. நடுவில் நாற்காலி போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் தொப்பியின் உச்சியில் பெரிய பதவிக்கு அடையாளமான மணி இருந்தது. அம்மா துடுப்பை நிறுத்தினாள்.

"யாரு அது? மோக்கா?" என்றார் அதிகாரி. "உசிரோட இருக்கியா? நல்லது. காலையில செம்முடிக்காரனுக்குத் தண்ணி வித்த படகு ஒண்ணைப் பாத்ததா நீதானே சொல்லி அனுப்பின? மூஞ்சி ஞாபகம் இருக்குன்னியே. எந்தப் படகு?"

மோக் எழுந்து நின்றான். கால் ஆடியது. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

நண்டு அவனைக் கைநீட்டிக் காட்டி உரக்கச் சொன்னான்: "இந்த மாமா எங்க வாத்தைக் கடல்ல போட்டுடுச்சு!"

அம்மா நண்டுவின் வாயைப் பொத்தினாள். ரொம்பத் தாமதம்.

"என்ன வாத்து?" என்று அதிகாரி எங்கள் படகை உற்றுப் பார்த்தார். கூடையில் ஐந்து வாத்துகள் தலையை நீட்டி அவரையே பார்த்தன. "மோக், உன்னத்தான் கேக்கறேன். இந்தப் படகா?"

மோக் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யா, நான் தண்ணிக்குள்ள இருந்தேன்" என்றான் மோக்.

"அதான் தெரியுதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"தண்ணிக்குள்ள கெடந்து பாத்துட்டேங்க. அங்கேந்து பாத்தா எல்லாப் படகும் ஒண்ணு போலத்தான் தெரியுது. காலையில பாத்த மூஞ்சி எதுவும் எனக்கு இப்ப ஞாபகமில்ல."

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "தலையில அடிபட்டிருச்சு போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ஏறு, ஏறு. இவனைக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்க."

சிப்பாய்கள் மோக்கைத் தாங்கித் தங்கள் படகுக்கு ஏற்றினார்கள். ஏறியவன் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, இத்தனை சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் திரும்பினான்.

"வரேண்ணே" என்றான் அப்பாவைப் பார்த்து.

அண்ணே! கரைக்காரன் ஒருவன், சிப்பாய் வேறு, எங்கள் அப்பாவை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அதிகாரி வாயைப் பிளந்தார். அம்மா வாயைப் பிளந்தாள்.

அப்பா ஏதோ சொல்ல வந்தார். உதடு அசைந்தது, "ம்" கூட வரவில்லை. அத்தனை பீரங்கிக்கும் ஆடாமல் நின்ற மனிதர், அந்த ஒரு சொல்லுக்குத் தொப்பென்று படகின் நடுவே உட்கார்ந்துவிட்டார்.